அண்ணாச்சி கேட்ட சின்னத் துப்பாக்கி

கொல்கத்தா கேனிங் ஸ்ட்ரீட்டில் காலண்டர், டைரி ஏஜென்சி நடத்தும் சிவகாசி அண்ணாச்சி ஒருவர் கொஞ்ச நாளாகத் துப்பாக்கிப் பித்துப் பிடித்து அலைகிறார். வருஷக் கடைசியில் அவருக்கு வசூல் சீசன். பாதிக்கு மேல் ரொக்கம். கடையைச் சாத்திவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு லேக் மார்க்கெட் வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது என்கிறார். தெரிந்த வியாபாரி ஒருவரின் பையை எவனோ பறித்துக்கொண்டு ஓடியதிலிருந்து ராத்திரி தூக்கம் கிடையாது, யூடியூப்தான்.

"தம்பி, சட்டைக்குள்ள வச்சா வெளிய தெரியப்படாது. கைக்கு அடக்கமா இருக்கணும். அப்படி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

நான் ஏன்? கல்லூரியில் என்.சி.சி.யில் பாயின்ட் 22 ரைஃபிள் சுட்டவன் என்று எப்போதோ உளறிவைத்திருக்கிறேன். அது போதும் அண்ணாச்சிக்கு.

அவர் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் அமெரிக்கச் சரக்கு. அங்கே இது ஒரு தனி உலகம். 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமக்களின் உரிமை என்று நியூயார்க் வழக்கில் தீர்ப்பே சொல்லிவிட்டது. மறைத்து எடுத்துப்போவதற்கென்றே செய்த சின்ன 9 எம்.எம். பிஸ்டல்களுக்குப் பெரிய சந்தை. 2015-இல் க்ளாக் 43 வந்தது. 2018-இல் சிக் சாயர் பி365 வந்து, அந்தக் குட்டி உடம்புக்குள்ளேயே பத்துத் தோட்டா மேகசினைத் திணித்துக் காட்டியது. எது தடிமன் குறைவு, எது சட்டைக்கு மேல் புடைத்துத் தெரியாது, வயிற்றோரம் வைப்பதா இடுப்புப் பக்கம் வைப்பதா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் பெயரெல்லாம் மனப்பாடம்.

நம் ஊரில் 9 எம்.எம். என்ற சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அது ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் ரகம். துப்பாக்கிக் கடைக்காரர்கள் 'பி.பி.' என்று சுருக்கிச் சொல்லும் தடைசெய்யப்பட்ட ரகத்தில் வருகிறது. சாதாரண ஆளுக்குக் கிடைப்பது தடைசெய்யப்படாத ரகத்துக்கான 'என்.பி.பி.' லைசென்ஸ்தான். அதில் கைத்துப்பாக்கி என்றால் நடைமுறையில் பாயின்ட் 32, இல்லையென்றால் பாயின்ட் 22. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் வந்த பழைய வால்தர், வெப்லி எல்லாம் தாத்தா சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வெளிநாட்டில் பழைய இரும்பு விலைக்குப் போகக்கூடியதை இங்கே லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள்.

ஆகவே எந்தத் துப்பாக்கி என்பது இங்கே கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் வருவது போலீஸ் தலைமையகமான லால்பஜார். மாவட்டங்களில் கலெக்டர் கொடுக்கும் ஆயுத லைசென்ஸைக் கொல்கத்தா நகரத்துக்குள் போலீஸ் கமிஷனர் கொடுக்கிறார். வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2016-ஆம் வருஷ ஆயுத விதிகள் வந்தபிறகு, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி எடுத்த சான்றிதழும் வைக்க வேண்டும். போலீஸ் தாணாவிலிருந்து விசாரிக்க வருவார்கள். உங்கள் மேல் கேஸ் இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் பெயர் எப்படி, எதற்காகத் துப்பாக்கி என்று கேட்பார்கள். பயமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. யாரால், எதனால் ஆபத்து என்று எழுத்தில் காட்ட வேண்டும். காட்டினாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. பதிலுக்கு லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கினார்கள்.

இதையெல்லாம் சொன்னால் அண்ணாச்சி கேட்பாரா? "சரி, சரக்கைப் பாத்துட்டு வருவோம், பாக்கிறதுக்குக் காசா?" என்றார்.

துப்பாக்கிக் கடைக்குக் கொல்கத்தாவில் பஞ்சமில்லை. டல்ஹௌசி, தர்மதலா, சௌரங்கி வட்டாரத்தில் நூறு வருஷம் தாண்டிய பெயர்ப்பலகைகளே இருக்கின்றன. ஜோராசாங்கோவில் தாவ் குடும்பத்து வீட்டைப் 'பந்தூக்வாலா பாடி' என்றுதான் சொல்வார்கள். துப்பாக்கி வியாபாரத்தில் தலையெடுத்த குடும்பம். அவர்கள் வீட்டு துர்கா பூஜையில் சந்தி பூஜை நேரத்துக்குச் சின்னப் பீரங்கி ஒன்றை வெடிப்பது வழக்கம். வேட்டைக்குத் தடை வந்து, லைசென்ஸ் இறுகி, இன்று பல கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் தூசிதான் அதிகம்.

நாங்கள் போன கடையில் பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆனந்தபஜார் படித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இல்லாதவர் கையில் தரமாட்டேன், நானே காட்டுகிறேன் என்றார். அலமாரியைத் திறந்து ஒரு பாயின்ட் 32 ரிவால்வரை எடுத்தார். குழலைக் கீழே பார்க்கப் பிடித்து, கொக்கியைத் தள்ளியதும் நடுவில் முறிந்ததுபோல் மடங்கித் திறந்தது. வெப்லி காலத்து அமைப்பு. ஆறு ஓட்டையையும் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலால் தொட்டு, காலியாக இருப்பதை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகும் ஒருமுறைகூட அந்தக் குழல் அங்கிருந்த மூவரில் யார் பக்கமும் திரும்பவில்லை. அவர் ஆள்காட்டி விரல் விசை வளையத்துக்கு வெளியே நீட்டியபடியேதான் இருந்தது. வாழ்நாள் பூராவும் பழகிய கை.

கொல்கத்தாக்காரருக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. நாட்டின் ஆயுதத் தொழிற்சாலைகளையெல்லாம் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கும்வரை ஆட்டிவைத்த வாரியத்தின் தலைமையகம், ஆயுத் பவன், இந்த ஊரில்தான். அது இருக்கும் தெருவின் பெயர் தியாகி குதிராம் போஸ் சாலை. முசாபர்பூரில் குண்டு வீசியதற்காக 1908-இல் பதினெட்டு வயதில் தூக்கில் தொங்கிய பையனின் பெயர். ஊருக்கு வடக்கே இச்சாப்பூரில் ரைஃபிள் தொழிற்சாலை. அண்ணாச்சி கேட்ட மாதிரி கைக்கு அடக்கமான 'நிடர்' அங்கே செய்ததுதான். பாயின்ட் 22 ரிவால்வர், வெறும் 250 கிராம். சட்டைப்பையில் போட்டால் மொபைல் ஃபோன் கனம்தான் இருக்கும்.

அதற்கு முன்னால், 2014 ஜனவரியில், கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒன்றை இறக்கியது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்கென்று சொல்லி விற்ற பாயின்ட் 32 ரிவால்வர். டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த விலைக்கு வாங்கக்கூடிய பெண்ணா ராத்திரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கப்போகிறாள் என்று அப்போதே பலர் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

"இருநூத்தம்பது கிராம்! அதையே போட்டுருவோம்" என்று அண்ணாச்சி குதித்தார். இந்த இடத்தில் எங்களுக்கு வாய்த்தவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். இப்போது பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்குப் போகிறார். அண்ணாச்சி வீட்டு மாடியில் காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, துப்பாக்கி சின்னதாக ஆக, சுடறவன் பெரிய ஆளா இருக்கணும்."

காரணம் இதுதான். குழல் குட்டையானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே இடைவெளி சுருங்கிவிடும். கை நூலளவு அசைந்தாலும் ரவை எங்கேயோ போகும். பிடி குட்டையானால் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் அந்தரத்தில். கனம் குறைந்தால் உதறலைத் தாங்க இரும்பு இல்லை, எல்லாம் மணிக்கட்டுக்கு வரும். ரிவால்வரில் சுத்தியலைப் பின்னால் இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால் உருளையையும் சுற்றி, சுத்தியலையும் தூக்கி, பிறகுதான் அடிக்கும். அந்த நீளமான கனத்த இழுப்பில் பழகாதவன் கை கீழே இறங்கிவிடும். பெரிய துப்பாக்கி இதையெல்லாம் கொஞ்சம் மன்னிக்கும். சின்னது மன்னிக்காது. நிடருக்குப் பயன் தூரம் ஏழு மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு மஞ்சள் அம்பாசடர் டாக்ஸியை முன்னும் பின்னும் நிறுத்தினால் வரும் நீளம்கூட இல்லை.

இன்னொன்றும் சொன்னார், இது கடையில் போய் ஏமாறாமல் இருக்க உதவும். பாயின்ட் 32 என்பது ஒரே தோட்டா இல்லை. ரிவால்வருக்குப் போவது அடியில் விளிம்பு வைத்த நீளத் தோட்டா. ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குப் போவது 7.65 எம்.எம். என்று சொல்லும் குட்டைத் தோட்டா. ஜான் ப்ரௌனிங் 1900 வாக்கில் பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனிக்காகச் செய்த பிஸ்டலோடு பிறந்த தோட்டா அது. நூறு வருஷம் தாண்டியும் நம் அரசுத் தொழிற்சாலையின் 'அஷானி' பிஸ்டல் சுடுவது அதைத்தான். இரண்டையும் மாற்றிப் போட்டு வாங்கிவந்து முழித்தவர்கள் உண்டாம்.

பிஸ்டலா, ரிவால்வரா? ஹவில்தார் யோசிக்கவே இல்லை. வருஷத்துக்கு நாலு தரம்கூடச் சுடப்போகாத ஆளுக்கு ரிவால்வர். தோட்டா வெடிக்காமல் போனால் இன்னொரு முறை அழுத்தினால் அடுத்தது வரும். பிஸ்டலில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துச் சிக்கலை எடுக்க வேண்டும். பதற்றத்தில் அது வராது. அப்புறம் இந்த ஊர் வெக்கை. மே மாதம் கொல்கத்தாவில் இடுப்போரம் ஒரு இரும்பை வைத்துக்கொண்டு பர்ராபஜாரில் ஒரு மணி நேரம் நடந்தால் வேர்வை உப்பு அதன்மேல் படியும். தினம் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பூக்கும். மெல்லிய காட்டன் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்போது எதை மறைப்பது? குளிர்நாட்டு ஜாக்கெட்டை வைத்து அளவெடுத்த சாமான்களை அண்ணாச்சி அரைக்கைச் சட்டைக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

நல்ல ரகம், கெட்ட ரகம் என்பதற்கு அப்பால் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஊரே அதற்கு அத்தாட்சி. மறைத்து வைத்த சின்னத் துப்பாக்கி, நேரத்தைத் தீர்மானிக்கிறவன் கையில்தான் வேலை செய்கிறது. பையைச் சுமந்து போகிறவன் நேரத்தைத் தீர்மானிப்பதே இல்லை.

டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றி நடந்தாலே போதும். 1930 டிசம்பர் 8 அன்று புரட்சியாளர்கள் பினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா மூவரும் கோட்டு சூட்டோடு ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். சிறைத்துறை ஐ.ஜி. சிம்ப்சனை அவர் அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். உடுப்புதான் மறைப்பு, நேரம் அவர்கள் வைத்தது. அவர்கள் பெயரில்தான் அந்தச் சதுக்கம் இன்று பி.பி.டி. பாக். அண்ணாச்சிக்கு ஊர்ப்பக்கத்து உதாரணமே சொன்னேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ப்ரௌனிங் பிஸ்டலால். ஜில்லாவையே ஆளும் அதிகாரம் இருந்தும் அந்தக் கணத்தில் ஆஷால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நேரம் கையில் இருந்தும் தவறியவர்களும் உண்டு. 1924 ஜனவரி 12 அன்று கோபிநாத் சாஹா சௌரங்கிப் பக்கம் சுட்டுக் கொன்றது போலீஸ் கமிஷனர் டெகார்ட் என்று நினைத்து எர்னஸ்ட் டே என்ற வேறொரு வெள்ளைக்காரரை. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் ரிவால்வரை மறைத்துக் கொண்டுபோய், மேடையில் பேசிக்கொண்டிருந்த கவர்னர் ஸ்டான்லி ஜாக்சனைச் சுட்டார். ஐந்து குண்டு. ஒன்றும் அவர் மேல் படவில்லை. ஜாக்சன் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர், குனிந்து தப்பினார். துணைவேந்தர் ஹசன் சுஹ்ராவர்தி பாய்ந்து பீனாவைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷத் தண்டனை. நாளும் இடமும் தானே முடிவு செய்து, உயிரைக் கொடுக்கத் தயாராகப் போனவருக்கே கைத்துப்பாக்கி அப்படி. வசூல் பையை இடது கக்கத்தில் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு?

இந்த ஊரின் மிகப் பெரிய துப்பாக்கிக் கதை, புரட்சியாளர்கள் நடத்திய ரோடா கம்பெனிக் கொள்ளை. 1914 ஆகஸ்ட் 26. வான்சிட்டார்ட் ரோவில் இருந்த அந்த ஆயுத வியாபாரிக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கத்தில் எடுக்கப் போனவர் அங்கே குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீஷ் மித்ரா. கூடவே மாட்டு வண்டிகள். ஒரு வண்டியை ஓட்டியவர் வண்டிக்காரன் வேஷத்தில் இருந்த ஹரிதாஸ் தத்தா. அந்த வண்டி மட்டும் கம்பெனிக்குப் போகாமல் மலங்கா சந்துக்குத் திரும்பிவிட்டது. 50 மௌசர் பிஸ்டல், 46,000 தோட்டா. பட்டப்பகலில், துப்பாக்கியே காட்டாமல் எடுத்த துப்பாக்கிகள்! மௌசர் ஒன்றும் மறைக்கிற சாமான் இல்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனம், ஒரு அடி நீளம், அதன் மர உறையையே பின்னால் மாட்டித் தோளில் வைத்தும் சுடலாம். அடுத்த வருஷம் பாலசோரில் பாகா ஜதீன் போலீசோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டபோது கையில் இருந்தவை மௌசர்கள். நேர்ச் சண்டைக்குப் பெரியதைத்தான் எடுத்தார்கள்.

நடைமுறைக்கு வருவோம். 2016 விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், வெளியே எடுத்து ஆட்டக்கூடாது. சரி, உறையில் போட்டாயிற்று. மாலுக்குப் போனால் வாசலில் தடவிப் பார்ப்பார்கள். கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். அங்கெல்லாம் எங்கே வைத்துவிட்டுப் போவது? தொலைத்தாலோ பறிகொடுத்தாலோ தாணாவுக்கு ஓட வேண்டும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைத் தாணாவில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்காளத்தில் தேர்தல் எப்போது இல்லை? சுட்டே விட்டாலும், தற்காப்பு என்று நிரூபிப்பது லேசில்லை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது அதிலும் இருக்கிறது. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைக் கூட்ட நெரிசலில் சுட்டால் என்ன ஆகும் என்று ஹவில்தார் கேட்டார். அண்ணாச்சி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பீகார் பக்கத்துல இருந்து கொண்டாந்து தாரேன்னு ஒருத்தன் சொல்லுதான்" என்றார். முங்கேர் சரக்கு. மீர் காசிம் 1760-களில் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறைகள் போட்ட காலத்திலிருந்து அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த தொழில். இந்த ஊர்த் தெருப் பேச்சில் அதற்கு 'மெஷின்' என்று பெயர், தோட்டாவுக்கு 'தானா'. ஹவில்தார் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். சுடும்போது கையிலேயே வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்காவிட்டால் ஜெயில், அந்தத் துப்பாக்கியால் இதற்கு முன் யாரைச் சுட்டார்களோ அந்தக் கேஸும் உங்கள் தலையில் என்று பொரிந்து தள்ளினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உண்மையிலேயே ஆபத்து இருந்து, லைசென்ஸும் கிடைத்த ஒருவர் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். மிகச் சின்னதைத் தேடாதீர்கள். அரைக் கிலோவுக்குக் குறையாத பாயின்ட் 32 ரிவால்வர், மூன்று விரல் உட்காரும் பிடி, விசையை முழுக்க மூடும் நல்ல தோல் உறை, தொய்யாத பெல்ட். நகரத்தில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. லண்டன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த ஜெய்தீப் கர்மாக்கர் இந்த ஊர்க்காரர்தான். உறுப்பினராகச் சேர்ந்து தவறாமல் போய்ச் சுடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் துப்பாக்கி வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுகிற இரும்புப் பெட்டிக்கான காசை முதலில் எடுத்து வையுங்கள்.

அண்ணாச்சி இன்னும் விண்ணப்பம் போடவில்லை. பெரிய பார்ட்டிகளிடம் பணத்தை பேங்கில் போடச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர்கள் இரண்டு சதவீதம் தள்ளுபடி கேட்கிறார்களாம். ஒன்றேகால் லட்ச ரூபாய் ரிவால்வர், அதற்கு லைசென்ஸ் அலைச்சல், கிளப் சந்தா எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி, தள்ளுபடியை மறுபக்கம் எழுதிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தள்ளுபடி ஒன்றரைக்கு இறங்கினால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.